மிளகாய்த் தூசியில் ஒரு டிவிஆர்

மதுரை கீழ மாசி வீதியில் இருக்கும் மொத்தப் பலசரக்குக் கடைகளுக்குக் கிட்டத்தட்ட ஒரே வாகுதான். வாசல் குறுகல். உள்ளே போகப் போக நீண்டுகொண்டே போகும். கடைசியில் ஒரு குடோன், மரப்படி ஏறினால் மேலே இன்னொரு குடோன். மிளகாய் வத்தல், மல்லி, மஞ்சள், சீரகம், புளி என்று மூட்டைகள் உத்தரத்தைத் தொடும். அப்படி ஒரு கடையில் 2011 கடைசியில் எட்டு கேமராவும் ஒரு டிவிஆரும் மாட்டினேன். பிறகு கேமராக்கள் மாறின, ஒயர் மாறியது, பெட்டிக்குள் இருந்த சாமான்களும் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. ஆனாலும் கடை அண்ணாச்சிக்கு அது கடைசிவரை 'தம்பி மாட்டுன டிவிஆர்' தான். பத்து வருஷத்துக்கு மேல் அதை ஓட்டினோம்.

நான் அடிப்படையில் டிவி மெக்கானிக். படக்குழாய் டிவி காலத்தில் ஃப்ளைபேக்கும் ஐசியும் மாற்றிப் பிழைத்தவன். எல்சிடி வந்ததும் ரிப்பேர் என்றால் போர்டைக் கழற்றி வேறு போர்டு போடுவது என்று ஆனது. போர்டு விலையைச் சொன்னால், "அதுக்குப் புது டிவியே வாங்கிரலாமே" என்று எழுந்து போய்விடுவார்கள். என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் அப்போது சிசிடிவி பக்கம் ஒதுங்கினோம். அடுத்த வருஷமே, நகரங்களில் பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் கேமரா வைக்க வேண்டும் என்று தமிழக அரசு விதி கொண்டுவந்தது, தொழில் சூடுபிடித்தது. அண்ணாச்சி விதிக்குக் காத்திருக்கவில்லை. மூட்டைக் கணக்கு அடிக்கடி இடித்தது, கூப்பிட்டுவிட்டார்.

நேரம்தான் சரியில்லை. அந்த அக்டோபரில் தாய்லாந்தில் பெருவெள்ளம். உலகத்துக்கு ஹார்ட் டிஸ்க் செய்து அனுப்பிய ஆலைகள் பல அங்கேதான் இருந்தன. வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலைக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. ஒரு டெராபைட் போடுவதாகப் பேசியிருந்த இடத்தில் 500 ஜிபிதான் போட முடிந்தது. கேமரா ஒன்றுக்கு நொடிக்கு 1 மெகாபிட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி ஆகும். எட்டு கேமராவுக்கு 86 ஜிபிக்கு மேல். 500 ஜிபி ஆறு நாள்கூடத் தாங்காது. அதனால் கல்லாவுக்கும் வாசலுக்கும் மட்டும் 704க்கு 576 புள்ளி, மற்ற கேமராக்களுக்கு 352க்கு 288 என்று குறைத்து வைத்தேன். குடோன் கேமராவில் ஆள் தெரிவான், முகம் தெரியாது. "நடை பாத்தே எவன்னு சொல்லிருவேன் தம்பி" என்றார் அண்ணாச்சி. சொன்னபடியே சொல்லவும் செய்வார்.

டிவிஆர் பெரிய அதிசயமெல்லாம் இல்லை. கேமராவிலிருந்து ஒயரில் வரும் படத்தை எண்களாக்கி, எச்.264 முறையில் சுருக்கி, டிஸ்கில் எழுதிக்கொண்டே இருக்கும். டிஸ்க் நிரம்பியதும் ஆகப் பழையதை அழித்து அதன் மேல் எழுதும். மூடியைத் திறந்தால் ஒரு போர்டு, அதன் நடுவில் ஒரு ஹைசிலிக்கான் சிப், ஓரத்தில் பொத்தான் பேட்டரி, ஒரு டிஸ்க், ஒரு குட்டி ஃபேன். வெளியே ஒரு 12 வோல்ட் அடாப்டர். சிப்புக்குள் ஓடுவது லினக்ஸ். பழுதாகக் கூடியவை இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொன்றும் பழுதாகும் விதம் வேறு. அதைவிட முக்கியம், அவற்றில் பாதி, பழுதானதையே வெளியே காட்டிக்கொள்ளாது.

முதலில் போனது அடாப்டர். கடையிலிருந்து போன் வந்தது: "லைட்டு எரியுது தம்பி, ஆனா டிவியில பேரு வருது, போயிருது, மறுபடி பேரு வருது." போய்ப் பார்த்தேன். அடாப்டரைத் தனியாகக் கழற்றி மீட்டர் வைத்தால் 12 வோல்ட் கச்சிதமாகக் காட்டுகிறது. பெட்டியில் செருகிவிட்டு அளந்தால்தான் சங்கதி தெரிந்தது. மூன்றரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் லைனில் இரண்டு ஆம்பியர் வரை இழுக்கும். சுழல ஆரம்பித்துவிட்டால் அதில் கால் பங்கு போதும். கிழடு தட்டிய அடாப்டரால் அந்த முதல் இழுப்பைத் தாங்க முடியவில்லை. வோல்ட் ஒன்பதுக்கு இறங்கும், பெட்டி அணையும். பாரம் குறைந்ததும் வோல்ட் ஏறும், பெட்டி எழும். மறுபடி டிஸ்க் இழுக்கும். ராத்திரி முழுக்க இப்படியே எழுந்து விழுந்துகொண்டிருந்திருக்கிறது. முன்னால் பச்சை விளக்கு மட்டும் எரிந்தபடி.

அந்த அடாப்டரை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி அறையில் ரிப்பேர் பெஞ்ச் போட்டிருந்த பாயிடம் கொண்டுபோனேன். அடாப்டருக்குத் திருகு கிடையாது, ஓரம் ஒட்டிப்போயிருக்கும். பாய் அதைக் குத்தாக நிறுத்தி, மூட்டு வழியே சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். நாலாவது தட்டில் இரண்டாகப் பிளந்தது. உள்ளே வெளியீட்டுப் பக்கத்துக் கெப்பாசிட்டர் இரண்டும் தலை உப்பி நின்றன. பழையவை 85 டிகிரிக்கானவை. பாய் 105 டிகிரி போட்டவையாகத் தேடி எடுத்து, 16 வோல்ட்டுக்குப் பதில் 25 வோல்ட்டில் வைத்துப் பற்றவைத்தார். "மதுர வெயில்ல மரத்தட்டுக்கு மேல இருக்கப்போற சாமான், பாத்துப் போடணும்" என்றார். பிளந்த மூடியைக் கறுப்பு டேப்பால் சுற்றித் தந்தார். அதற்குப் பிறகு அந்த அடாப்டர் பல வருஷம் உழைத்தது.

ஃபேன் கதை வேறு. பெட்டி இருந்தது கல்லாவுக்கு மேலே ஒரு மரத்தட்டில். பக்கத்து அறையில் வத்தல் மூட்டை பிரிப்பார்கள். நாற்பது மில்லிமீட்டர் ஃபேன் அந்தக் காற்றை இழுத்து இழுத்து, இறகுகளின் ஓரத்தில் செக்கச் செவேலென்று மெழுகினாற்போல் படிய வைத்திருந்தது. ஹீட் சிங்க் இடுக்குகளில் மஞ்சள். மூடியைக் கடைக்குள்ளேயே திறந்தால் அரை மணி நேரத்துக்குக் கல்லாவில் யாரும் உட்கார முடியாது, அத்தனை பேரும் தும்முவார்கள். தெருவில், காற்று வாட்டம் பார்த்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் புளோயர் அடிக்க வேண்டும். ஒருமுறை எதிர்க்கடையில் சரக்குக்கு வந்த ஒருவர் தும்மிக்கொண்டே, "என்னய்யா, கேமராவ வறுக்குறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஃபேன் நின்றுபோனாலும் பெட்டி நிற்காது. சூடேறி, மதியம் இரண்டு மணிக்கு மேல் தானாக ரீஸ்டார்ட் ஆகும். ரீஸ்டார்ட் ஆகும் நிமிஷங்களில் பதிவு இருக்காது. கேட்டால், "நல்லாத்தான் ஓடுது" என்பார்கள். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளைகளைப் பிரித்து, அளவு பொருந்தும் ஃபேனாகப் பொறுக்கி ஒரு டப்பா நிறைய வைத்திருந்தேன். முன்னால் பழைய பனியன் துணியை வலையாகக் கட்டிவிட்டு, மாதா மாதம் மாற்றச் சொன்னேன். அது மட்டும் தவறாமல் நடந்தது, தும்மலுக்குப் பயம்.

அந்தப் பெட்டி எனக்குப் பாடம் எடுத்தது 2012 மின்வெட்டில். சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத காலம். கடையில் இன்வெர்ட்டர் இருந்தது; ஆனால் அது முழுதாகச் சார்ஜ் ஏறுவதற்குள் அடுத்த கட். ராத்திரியில் அதுவும் படுத்துவிடும். ஒரு நாள் காலை கணக்கில் இரண்டு மூட்டைச் சீரகம் குறைகிறது. சீரகம் சும்மா இல்லை, விலை உள்ள சரக்கு. முந்தின நாள் சாயங்காலம் கடைசியாக மேல் குடோனுக்கு ஏறி இறங்கிய லோடுமேன் மேல் சந்தேகம். சின்ன வயசு, வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. "கேமராவப் பாத்துருவோம்" என்று எல்லாரும் சொல்ல, அவனும் அதையேதான் சொன்னான்: "பாருங்க."

தேதி போட்டுத் தேடினால் அந்த நாளே இல்லை. அதற்கு முந்தின நாளும் இல்லை. நேரலையில் எட்டுப் படமும் பளிச்சென்று ஓடுகின்றன, டிஸ்கும் நிறைந்திருக்கிறது, ஆனால் தேடினால் 'பதிவு இல்லை'. படத்தின் மூலையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது: 2000 ஜனவரி 1, காலை 3 மணி. பெட்டிக்குள் கடிகாரத்தைக் காப்பது சிஆர் 2032 என்ற பொத்தான் பேட்டரி, மூன்று வோல்ட். அது தீர்ந்துபோயிருந்தது. கரண்ட் இருக்கும்வரை தெரியாது. போய்த் திரும்பினால் பெட்டி தன்னைப் புதிதாகப் பிறந்ததாக நினைத்துக்கொண்டு 2000 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எண்ணத் தொடங்கும். ஒரு நாளைக்குப் பல தடவை கரண்ட் போனதால், பல நாள் படம் ஒரே தேதியின் ஒரே மணிகளுக்குள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கலந்து கிடந்தது.

பேக்கப் மெனுவில் பதிவுகள் பட்டியலாக வரும். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஆனால் எந்தப் படம் எந்த நாளுடையது? கல்லா கேமராவில் அண்ணாச்சியின் தலைக்குப் பின்னால் தினசரி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய எழுத்துத் தேதித் தாள். மற்றவற்றை மங்கலாக்கி, கல்லாவுக்கு மட்டும் தெளிவு கூட்டி வைத்திருந்ததால் எண் வாசிக்க முடிந்தது. காலையில் தாள் கிழிக்கும் பையன் கையை வைத்து நாளைப் பிரித்தோம், வெளிச்சத்தை வைத்து மணியைப் பிரித்தோம். மத்தியானத்துக்கு மேல் அந்தச் சாயங்காலம் அகப்பட்டது. சீரகம் மேல் குடோனிலிருந்து இறங்கி, வாசலில் நின்ற வண்டியில் ஏறுகிறது. ஏற்றச் சொல்லிக் கையை ஆட்டுவது கடைக் கணக்கர். மல்லிக்குப் பதில் சீரகம், வேறு ஊர் வியாபாரிக்கு மாறிப் போயிருந்தது. போன் போட்டார்கள், சரக்கு திரும்பி வந்தது. லோடுமேன் ஒன்றும் பேசவில்லை. அண்ணாச்சி அவனைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். கணக்கருக்கு அன்று டீ வரவில்லை.

பேட்டரி விலை இருபதோ முப்பதோ ரூபாய். அதற்கப்புறம் தீர்ந்ததோ தீரவில்லையோ, வருஷா வருஷம் ஆயுத பூஜை வாரத்தில் பேட்டரியை மாற்றிவிடுவோம். காலண்டரும் கேமராவுக்குத் தெரிகிற மாதிரியே கடைசிவரை தொங்கியது. வேறு எங்கு வேலைக்குப் போனாலும், கல்லாவுக்குப் பின்னால் தினசரி காலண்டர் மாட்டச் சொல்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. சாமி படம் போட்ட மாதக் காலண்டர் உதவாது.

டிஸ்க் செத்தது இன்னும் நூதனம். டிஸ்கில் எழுத முடியாவிட்டால் பெட்டி 'கீ... கீ...' என்று கத்தும். அதற்கென்றே உள்ளே ஒரு பஸ்ஸர் உண்டு. கடையில் யாரோ அந்தச் சத்தம் பொறுக்காமல் மெனுவுக்குள் போய் அதை நிறுத்திவிட்டார்கள். கேட்டபோது ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். பெட்டி பல வாரம் எதையும் பதியாமல், எட்டுப் படத்தையும் அழகாகக் காட்டிக்கொண்டு இருந்தது. நல்லவேளை, அந்த வாரங்களில் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு செய்தோம். திங்கட்கிழமை காலை கடை திறந்ததும், கல்லாவில் இருப்பவர் முந்தின வாரத்தில் ஏதாவது ஒரு நாள், ஏதாவது ஒரு மணியை எடுத்து, எட்டு கேமராவிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பார்த்ததும் காலண்டர் தாளின் பின்புறம் ஒரு கையெழுத்து.

புது டிஸ்க் போடுவதிலும் சூட்சுமம் இருந்தது. 2014க்குப் பிறகு கேமராவுக்கென்றே ஊதா நிற லேபிள் ஒட்டிய டிஸ்குகள் வந்தன. இருபத்துநாலு மணி நேரமும் எழுதிக்கொண்டே இருப்பதற்குத் தோதாகச் செய்தவை. சாதாரணக் கம்ப்யூட்டர் டிஸ்க் அந்த உழைப்புக்கு ஆனதல்ல. அதே லேபிளில், பிரிக்கப்படாத கவரில், பாதி விலைக்கும் கிடைக்கும். அதைக் கம்ப்யூட்டரில் மாட்டி, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பைப் படித்தால், முப்பதாயிரம் மணி நேரம் ஏற்கெனவே ஓடியது என்று இருக்கும். அதாவது மூன்றரை வருஷம் எங்கோ இராப்பகலாக உழைத்துக் களைத்து, துடைத்துக் கவர் போட்டு வந்தது. பழையதை வாங்கக் கூடாது என்பதில்லை. நானே பழையதுதான் நிறையப் போட்டிருக்கிறேன். எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரிந்து, அதற்கான விலைக்கு வாங்க வேண்டும். வாங்கியதும் ஒரு முழு இரவு எல்லா இடத்திலும் எழுதிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்குள் வைப்பேன்.

போர்டுக்கு மட்டும் கடையில் ஸ்பேர் கிடைக்காது. ஐப்பசி மழையில் மொட்டை மாடி வழியாகப் போன ஒயரில் இடி இறங்கி மூன்று சேனல் ஒரே ராத்திரியில் கறுத்துவிட்டன. கேமரா நன்றாக இருக்கிறது, ஒயர் நன்றாக இருக்கிறது, போர்டில் படத்தை வாங்கும் சிப் போய்விட்டது. அதைத் தனியாக வாங்க நம் ஊரில் இடமில்லை. இன்னொரு செத்த டிவிஆரிலிருந்து எடுப்பதுதான் வழி. "ஒரு டிவிஆர் பொழைக்கணும்னா மூணு டிவிஆர் சாகணும்" என்பார் பாய். வேறு எதற்காவது செத்திருக்க வேண்டும், அதுதான் கணக்கு. பவர் பக்கம் எரிந்த போர்டில் வீடியோ சிப் நன்றாக இருக்கும். வீடியோ போனதில் பவர் பக்கம் நன்றாக இருக்கும்.

எங்கள் நல்ல காலம், அதே சமயத்தில்தான் எச்டி அனலாக் வந்தது. 2013, 2014 வாக்கில் எச்டிசிவிஐ, டிவிஐ, ஏஎச்டி என்று மூன்று முறைகள் அடுத்தடுத்து இறங்கின. அதே பழைய ஒயரில் பல மடங்கு தெளிவான படம். கடை கடையாகப் பழைய பெட்டியைக் கழற்றி வீசினார்கள். பழைய இரும்புக் கடையில் டிவிஆர் கிலோ கணக்கில் கிடந்தது. நான் முன்மூடியைப் பார்க்க மாட்டேன், மேலே ஒட்டியிருக்கும் பெயரையும் பார்க்க மாட்டேன். ஒரே சீனப் போர்டு பத்துப் பெயரில் விற்கும். மூடியைத் திறந்து போர்டின் ஓரத்தில் வெள்ளையாக அச்சடித்த எண்ணைப் பார்ப்பேன். எண் ஒத்துப்போனால் வாங்கி வைப்பேன். பாய் ஹாட் ஏரில் சிப்பைச் சூடாக்கித் தூக்குவார். கால்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் இளகும் அந்தக் கணம் வரும்வரை பேச மாட்டார், பக்கத்தில் நிற்பவரையும் பேச விட மாட்டார். மூன்று சேனலும் திரும்பி வந்தன. பிறகு ஒரு சமயம் போர்டே முழுதாக மாறியது. டப்பா மட்டும் பழசு.

கேமராவிலும் இதே இழுபறி. பழைய பெட்டிக்குப் பழைய பாணி சிக்னல்தான் புரியும். புதுக் கேமராவை நேராகச் செருகினால் படம் கறுப்பு வெள்ளையில் உருளும், அல்லது வரவே வராது. ஆனால் புதுக் கேமராக்கள் பலவற்றில் ஒயர் நடுவே ஒரு குட்டிக் குமிழ் இருக்கும். அதை ஒரு பக்கம் சாய்த்து ஐந்து விநாடி பிடித்தால் பழைய முறைக்கு மாறிக்கொள்ளும். விஷயம் தெரியாத கடைக்காரர்கள், "பழசுக்கு இனிமே கேமராவே கிடைக்காது, மொத்தமா மாத்திருங்க" என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குமிழ் புண்ணியத்தில் எங்கள் பெட்டிக்குக் கேமராப் பஞ்சம் வரவில்லை.

இவ்வளவு மெனக்கெடுவதற்குப் புதிது வாங்கினால் என்ன என்று அண்ணாச்சி மகன் கேட்காத நாளில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அண்ணாச்சி சொன்னதிலும் இருந்தது: "நமக்கு என்ன, சினிமாவா எடுக்கப் போறோம்? யாரு வந்தா, யாரு போனா, எந்த மூட்ட எந்த வண்டியில ஏறுச்சு. அது தெரியுதா இல்லையா?" தெரிந்தது. மகனுக்கு வேண்டியது போனில் பார்ப்பது. அதை மட்டும் நான் செய்து தரவில்லை. 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல், கம்பெனி போட்ட பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட டிவிஆர்களுக்கும் கேமராக்களுக்கும் உள்ளே புகுந்து, அவற்றை ஏவிவிட்டு அமெரிக்காவில் பெரிய இணையதளங்களையே முடக்கியது. மென்பொருளைச் சரிசெய்து தர ஆளில்லாத பழைய பெட்டியை இணையத்தில் விடுவது வாசலைத் திறந்து போட்டுத் தூங்குவதுதான். கம்ப்யூட்டரிலிருந்து பார்க்க அந்தப் பெட்டிக்கு இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வேண்டும். 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் அதற்கும் மூடுவிழா நடத்திவிட்டது. கடைக்குள் ஒரு மானிட்டர், ஒரு மவுஸ். அதற்கு மேல் அந்தப் பெட்டிக்கு உலகம் கிடையாது.

2020 ஊரடங்கில் டவுன் ஹால் ரோடு மூடியிருந்தது. பலசரக்கு அத்தியாவசியம் என்பதால் அண்ணாச்சி கடை மட்டும் குறிப்பிட்ட நேரம் திறந்திருந்தது. அப்போது பெட்டி ஒருமுறை படுத்தது. என் வீட்டு அலமாரியில் இருந்த செத்த பெட்டிகளை வைத்தே எழுப்பிவிட்டேன். அந்த ஜூனில்தான் சாத்தான்குளம் செய்தி வந்தது. 19ஆம் தேதி காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் சில நாளில் அடுத்தடுத்து இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்து, நீதித்துறை நடுவரை நேரில் போய் விசாரிக்கச் சொன்னது. அவர் அறிக்கையில் இருந்த ஒரு விவரம், தமிழ்நாட்டில் டிவிஆர் மாட்டிப் பிழைக்கும் ஒவ்வொருவனுக்கும் சுருக்கென்று தைத்திருக்கும். நிலையத்து டிவிஆரில் ஒரு டெராபைட் டிஸ்க் இருந்தது, போதிய இடம் இருந்தது. ஆனால் பதிவு தினமும் தானாக அழிந்துவிடும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. 19ஆம் தேதி முதலான காட்சிகள் இல்லை.

டிஸ்க் கெடவில்லை, பேட்டரி தீரவில்லை, அடாப்டர் போகவில்லை. கேமரா பார்த்தது, பெட்டி எழுதியது, எழுதியதை அன்றன்றே அழித்தது. அந்த மெனுவை எனக்குத் தெரியும். எத்தனை நாளுக்கு வைத்திருப்பது என்று எண் போடும் இடம்; பெரும்பாலான பெட்டிகளில் இரண்டு மூன்று கிளிக் தூரம். அதுவரை ஒரு டிவிஆர் சரியாக இருக்கிறதா என்று கேட்டால், சாமான்கள் சரியாக இருக்கின்றனவா என்றுதான் நான் பார்ப்பேன். அன்றிலிருந்து எங்கே போனாலும் மூடியைத் திறக்கும் முன் அந்த மெனுவைத் திறக்கிறேன். அதே வருஷம் டிசம்பர் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம், நாடு முழுக்கக் காவல் நிலையங்களில் கேமரா வைத்து, காட்சிகளை 18 மாதம், அதற்குச் சாதனம் கிடைக்காவிட்டால் குறைந்தது ஓராண்டாவது, காக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உத்தரவு காகிதத்தில் வந்துவிடும். எழுதியது நிற்கிறதா என்று யாராவது ஒருவர் தேதி போட்டுத் தேடிப் பார்த்தால்தான் அது பெட்டிக்குள் வரும்.

அண்ணாச்சியின் பெட்டியை முடித்து வைத்தது பழுது அல்ல, ஸ்பேர் வறட்சி. எல்லாரும் பழசை வீசிய காலத்தில் குவிந்து கிடந்த போர்டுகள், எல்லாரும் வீசி முடித்த பிறகு அற்றுப்போயின. இரும்புக் கடையில் இப்போது கிடப்பது எச்டி பெட்டிகள். பாய்க்கும் கண் மங்கி, பெஞ்சை மருமகனிடம் கொடுத்துவிட்டார். மருமகன் மொபைல் மட்டும் பார்க்கிறார். கடைசியாகப் போர்டு போனபோது, "போதும் தம்பி, அதுவும் எவ்வளவுதான் உழைக்கும்" என்று அண்ணாச்சியே சொல்லிவிட்டார். மகன் ஏற்கெனவே விலை விசாரித்து வைத்திருந்தார். நெட்வொர்க் கேமராக்கள், புது ரெக்கார்டர், நாலு டெராபைட் டிஸ்க், போனில் ஆப். எல்லாவற்றையும் நான்தான் மாட்டினேன். பழைய பெட்டியிலிருந்து அடாப்டரையும் ஃபேனையும் எடுத்துக்கொண்டேன்; இரண்டும் வேறு இரண்டு கடைகளில் இப்போதும் உழைக்கின்றன.

அடுத்த திங்கட்கிழமை பில் வாங்கப் போனேன். மகன் போனை நீட்டி அப்பாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். வத்தல் மூட்டையில் ஒட்டிய சீட்டைக்கூட வாசிக்கலாம், அவ்வளவு துல்லியம். "பாருங்கப்பா, வீட்ல இருந்தே எல்லாத்தையும் பாத்துக்கலாம்."

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தார். "இப்ப நடக்குறதத்தான் நானே இங்கன உக்காந்து பாக்குறேனே. போன புதங்கெழம ராத்திரியக் காட்டு."

மகன் புதன்கிழமையைத் தொட்டார். ஏழு கேமராவுக்கு நேரக்கோட்டில் பச்சைப் பட்டை முழுதாக நீண்டது. மேல் குடோன் கேமராவுக்குப் பட்டையே இல்லை. அசைவு இருந்தால் மட்டும் பதி என்று கம்பெனியிலிருந்தே வந்த செட்டிங். மற்ற ஏழையும் மாற்றியவர்கள் இதை விட்டிருந்தோம், அசைவு உணர்வதும் அதில் அணைந்திருந்தது. அதைச் சரிசெய்ய ஸ்பேர் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு கட்டத்தில் டிக் போட்டால் போதும். போட்டேன். அண்ணாச்சி தேதித் தாளைக் கிழித்து, பின்புறம் கையெழுத்துப் போட்டார்.